வரைபடத்தில் விடுபடும் தெரு: தூத்துக்குடிச் சிறுநகரங்களின் திட்டமிடலும் தலித் மக்களின் நில உரிமையும்

2024 பிப்ரவரி 25 அன்று தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்வாகன ஆலைக்கு முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். மூன்று நாள் கழித்து, 28ஆம் தேதி, அதே நகருக்கு வந்த பிரதமர் வ.உ. சிதம்பரனார் துறைமுகத்தின் வெளித்துறைமுகத் திட்டத்துக்கும் குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கும் அடிக்கல் நாட்டினார். மின்வாகன ஆலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டும் விட்டது. ஒரு மாவட்டத்துக்கு ஒரே வாரத்தில் இத்தனை வாக்குறுதிகள் கிடைப்பது அரிது.

அந்த வாரத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் இதே மாவட்டம் நீரில் மூழ்கிக் கிடந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் விரைவு ரயில் சுமார் 800 பயணிகளோடு சிக்கிக்கொண்டது. அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள் அருகிலிருந்த புதுக்குடி மக்கள். ஏரல் கடைவீதியைத் தாமிரபரணி அடித்துச் சென்றது. துறைமுகத்துக்கும் ஏவுதளத்துக்கும் நடுவே கிடக்கும் இந்தச் சிறுநகரங்களைப் பற்றி, அடிக்கல் நாட்டு விழா மேடைகளில் பேச எவருக்கும் நேரம் இருக்கவில்லை.

சிறுநகரங்களுக்குப் புத்துயிர் ஊட்ட வேண்டும், நீடித்து நிற்கும் திட்டமிடல் வேண்டும் என்று இப்போது கருத்தரங்குகள் நடக்கின்றன. நாமும் அதை வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வழக்கறிஞர்களாகவும் களப்பணியாளர்களாகவும் நாம் இந்த விவாதத்தில் வைக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. திட்டம் என்பது முதலில் ஒரு வரைபடம். அந்த வரைபடத்தில் எந்தத் தெரு ஊருக்குள் இருக்கிறது, எந்தத் தெரு ஊருக்கு வெளியே இருக்கிறது? இதற்கு விடை தெரியாமல் வடிகாலையும் பேருந்து நிலையத்தையும் பூங்காவையும் பற்றிப் பேசுவது, ஏற்கெனவே வீதியும் வெளிச்சமும் பெற்றவர்களுக்கு இன்னொரு வீதியும் இன்னொரு விளக்கும் தருவதில் போய் முடியும்.

பேரூராட்சி என்னும் இரண்டுங்கெட்டான் நிலை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தூத்துக்குடி மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 17.5 லட்சம். இதில் சரிபாதிப் பேர் நகர்ப்புறத்தவர். ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். நகர்ப்புறம் என்றதும் தூத்துக்குடி மாநகராட்சியும் கோவில்பட்டியும்தான் நினைவுக்கு வரும். ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர், ஆறுமுகநேரி, நாசரேத், சாத்தான்குளம், உடன்குடி, விளாத்திகுளம், எட்டயபுரம், கயத்தாறு என்று பேரூராட்சிகள் வரிசையாக இருப்பதை எவரும் நகரமாக நினைப்பதில்லை. ஆனால் சுற்றுப்பட்டுக் கிராமத்துத் தலித் இளைஞர் ஒருவருக்கு மேல்நிலைப் பள்ளி, சார்பதிவாளர் அலுவலகம், வங்கி, சந்தை, பேருந்து எல்லாம் இங்கேதான். தன் சாதி தெரியாத ஒருவரிடம் தேநீர் வாங்கிக் குடிக்கும் முதல் அனுபவமும் பெரும்பாலும் இங்கேதான்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தின் மீது வைத்த கடுமையான விமர்சனத்தை நம் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. கிராமத்திலிருந்து நகரத்துக்கு நகர்வதை விடுதலையின் ஒரு படியாக அவர் கண்டார். சிறுநகரம் அந்தப் படியில் பாதியைத்தான் ஏற்றிவிடுகிறது. பேருந்து நிலையத்தில் முகம் தெரியாதவராக இருக்கலாம்; வாடகைக்கு வீடு கேட்கும்போது “எந்தத் தெரு?” என்ற கேள்வி வந்துவிடும். பெருநகரத்தில் இதே கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். இங்கே நேராகக் கேட்பார்கள். வேறுபாடு அவ்வளவே.

இந்த ஊர்களின் சட்டத் தகுதியே நிலையற்றதாக இருந்திருக்கிறது. 2004இல் தமிழகத்தின் பேரூராட்சிகள் பலவும் ‘சிறப்புக் கிராம ஊராட்சி’களாக மாற்றப்பட்டன, 2006இல் மீண்டும் பேரூராட்சிகளாயின. ஒரு பெயர்ப்பலகையை மாற்றுவதுபோல இது நடந்தது. ஆனால் கூலித் தொழிலாளியின் வீட்டில் இதற்கு வேறு பொருள் உண்டு. 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம் ஊரகக் குடும்பங்களுக்கு மட்டுமே வேலையை உறுதி செய்தது. கிராமம் நகரமானால் சொத்து வரி கூடும், குடிநீர்க் கட்டணம் கூடும், வேலை அட்டை மட்டும் செல்லாக் காசாகிவிடும். நகர்ப்புற வேலைவாய்ப்புக்கென 2021–22இல் தமிழக அரசு 100 கோடி ரூபாயில் தொடங்கிய சோதனைத் திட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட சில ஊர்களோடு நின்றது. அது சட்ட உரிமையும் அன்று. நிலமற்ற தலித் குடும்பங்கள் ‘தரம் உயர்வு’ என்ற சொல்லைக் கேட்டு அஞ்சுவதற்குக் காரணம் வளர்ச்சியின் மீதான வெறுப்பன்று. அந்த உயர்வில் அவர்களுக்கு உறுதியாகக் கிடைப்பது இழப்பு ஒன்றுதான்.

துறைமுகங்கள் இடம் மாறின, எல்லைக்கோடு மாறவில்லை

இந்தக் கரையில் நகரங்கள் பிறந்து மறைந்த வரலாறு நீண்டது. பாண்டியரின் முத்துத்துறையான கொற்கை இன்று ஏரல் அருகே கடலைப் பார்க்காத ஒரு சிற்றூர். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட, வணிகம் காயலுக்கு நகர்ந்தது. பிறகு புன்னைக்காயல், பிறகு தூத்துக்குடி. முத்துக்குளிப்பும் அப்படியே ஓய்ந்தது. இங்குக் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளித்தது 1961இல். இன்று ‘முத்துநகர்’ என்ற பெயர் சென்னைக்குப் போகும் ரயிலில் மிஞ்சியிருக்கிறது. ஒற்றைத் தொழிலை நம்பிய ஊர் அந்தத் தொழிலோடு சாயும் என்பதற்கு இதைவிட அருகில் சான்று தேட வேண்டாம். ஓர் ஆலையையோ ஓர் ஏவுதளத்தையோ நம்பிச் சுற்றியுள்ள பேரூராட்சிகளின் எதிர்காலத்தை வரைவோர் கொற்கை வரை ஒருமுறை போய் வரலாம்.

ஒவ்வொரு துறைமுகமும் நகர்ந்தபோது நகராமல் நின்றது ஊருக்கும் சேரிக்கும் இடையிலான கோடு. நிலத்தை வகைபிரிக்கும் ஆவணம் நமக்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், வரி விலக்குப் பெற்ற நிலங்களைப் பட்டியலிடும்போது ஊர்நத்தத்தையும் பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனித்தனியே குறிக்கின்றன. சுடுகாட்டைக்கூடப் பிரித்தே எழுதுகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய நிலப் பயன்பாட்டு அட்டவணை என்றே அதைச் சொல்லலாம். நம் பக்கத்திலேயே ஸ்ரீவைகுண்டத்தில் கோட்டைப் பிள்ளைமார் என்ற சிறு சமூகம் மண்கோட்டைக்குள் தன்னை அடைத்துக்கொண்டு சென்ற நூற்றாண்டின் பிற்பகுதி வரை வாழ்ந்தது. சாதி தன் வரைபடத்தைச் சுவராகவே எழுப்பிய ஊர் அது.

இதற்கு நேர்மாறான ஒரு சான்றும் இம்மாவட்டத்தில் இருக்கிறது. நம் இயக்கங்கள் அதைப் போதிய அளவு படிக்கவில்லை என்பது நம் கருத்து. 1799இல் சாத்தான்குளம் அருகே முதலூர் என்ற குடியிருப்பு உருவானது. கிறித்தவம் தழுவியதற்காகத் துரத்தப்பட்ட, அக்காலத்தில் கோயில் நுழைவு மறுக்கப்பட்டிருந்த நாடார் சமூகத்து மக்கள், தமக்கென நிலம் வாங்கிக் குடியேறிய இடம் அது. பின்னர் நாசரேத்தில் கேனன் மர்காஷிஸ் காலத்தில் பள்ளியும் மருத்துவமனையும் தொழிற்பள்ளியும் எழுந்தன. வடக்கே அதே சமூகத்து வணிகர்கள் பேட்டைகளை அமைத்து, மகமை என்ற பொது நிதியைத் திரட்டி, கடைவீதிகளைக் கைக்கொண்டார்கள். அவர்கள் மேலேறிய பாதையில் கல்விக்கு எவ்வளவு பங்கு உண்டோ, ஊரின் நடுவே சொந்தமாக வைத்திருந்த நிலத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு. (அந்தக் கடைவீதிகளிலும் இன்று தலித் உரிமையாளரின் பெயர்ப்பலகை அரிது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.)

நிலமும் பாதுகாப்பும் இல்லாமல் பணம் மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொடியங்குளம் சாட்சி. வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைத்தவர்களின் பணத்தில் அந்தத் தலித் கிராமம் நிமிர்ந்தது. 1995 ஆகஸ்ட் 31 அன்று காவல்துறை ஊருக்குள் புகுந்து தொலைக்காட்சிப் பெட்டிகளையும் வீட்டுப் பொருள்களையும் நொறுக்கியது. குடிநீர்க் கிணறு பாழாக்கப்பட்டது. சான்றிதழ்களும் கடவுச்சீட்டுகளும் அழிக்கப்பட்டதாக மக்கள் கூறினார்கள். செழிப்பின் அடையாளங்களே குறிவைக்கப்பட்டன. ‘வளர்ச்சி வந்தால் சாதி தானாகக் கரையும்’ என்று திட்டமிடல் நூல்கள் போடும் கணக்கு இம்மாவட்டத்தில் அன்றே பொய்த்துப்போனது.

பள்ளத்தில் ஒரு பட்டா

வெள்ளத்துக்குத் திரும்புவோம். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் 1873இல் கட்டி முடிக்கப்பட்டது. அதிலிருந்து பிரியும் வடகால், தென்கால் வாய்க்கால்கள் கடம்பாகுளம், கோரம்பள்ளம் போன்ற கடைமடைக் குளங்களுக்கு நீர் தருகின்றன. குளம் நிறைந்தால் மறுகால் பாய வழி வேண்டும். அந்த வழியில் மனைப்பிரிவும் சாலை மேடும் எழும்பினால் நீர் எங்கே போகும்? பள்ளமான இடத்துக்குப் போகும். ஊர்களில் பள்ளமான இடம் யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்ல வரைபடம் வேண்டியதில்லை. வயலோரமும் வாய்க்கால் கரையும் குளத்து உள்வாயும் யாருடைய முகவரியில் இருக்கின்றன என்று பார்த்தால் போதும்.

இதில் கசப்பான ஒரு முரண் உண்டு. இந்த ஆற்றுப்பாசனத்தில் மடை திறப்பதும் மறுகால் காப்பதும் நீர் பங்கிடுவதும் தலைமுறை தலைமுறையாகத் தேவேந்திரகுல மக்களிடம் இருந்த பணி. நீர்க்குடும்பன், மடைக்குடும்பன் என்ற பெயர்களே அதற்குச் சான்று. எந்த மழைக்கு எந்தக் கலுங்கு வழியும், எந்தத் தெருவில் முதலில் நீர் ஏறும் என்ற அறிவு அவர்களிடம் இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தோடு வரும் திட்ட ஆலோசகர்கள் அந்தத் தெருவுக்குள் நுழைவதில்லை. நீடித்த திட்டமிடல் என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் ஒரு பொருள் உண்டென்றால், வடிகால் வரைபடத்தை அந்தத் தெருவில் உட்கார்ந்து வரைவதுதான் அது.

வடிகாலும் சுவரும் உயிர்க்கேள்வி என்பதை 2019 டிசம்பர் 2 நமக்குக் கற்பித்தது. மேட்டுப்பாளையம் நடூரில் தனியார் வீட்டின் உயர்ந்த சுற்றுச்சுவர் மழையில் சரிந்து, கீழே இருந்த வீடுகளில் உறங்கிய 17 தலித் மக்கள் இறந்தார்கள். அதை இயற்கைப் பேரிடர் என்று எழுதியவர்கள் உண்டு. அந்தச் சுவரை அங்கே அத்தனை உயரத்துக்கு நிற்க விட்டது எந்த இயற்கை?

இனி, பள்ளத்தில் மனை எப்படி வந்தது என்று பார்ப்போம். ஆதிதிராவிடருக்கு வீட்டுமனை வழங்க நிலம் எடுப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டின் 31ஆவது சட்டம் இருக்கிறது. அதன் பெயரில் இன்னமும் ‘அரிசன’ என்ற சொல்தான் நிற்கிறது. 2013ஆம் ஆண்டின் மத்திய நிலமெடுப்புச் சட்டத்துக்குப் பின் இச்சட்டம் செல்லாது என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. தமிழக அரசு அதே ஆண்டு புதுச் சட்டத்தால் அதை உயிர்ப்பித்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்த உயிர்ப்பித்தலை ஏற்றது. ஆக, சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் ‘விலை மலிவான இடம்’ என்ற ஒரே அளவுகோலோடு நிலம் தேடினால், கடைவீதியிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, பேருந்து நிற்காத, நீர் தேங்கும் இடம்தான் கிடைக்கும். அரசே புதிய சேரியைக் கட்டி, அதற்கு ஒரு தலைவரின் பெயரையும் சூட்டிவிடும்.

கொடுக்கப்பட்ட பட்டாவிலும் சிக்கல் உண்டு. ஒப்படைப்புப் பட்டாக்கள் நிபந்தனைக்குட்பட்டவை. வங்கிகள் அவற்றைப் பிணையாக ஏற்கத் தயங்குகின்றன. ஊர் நகரமாகி நகர நில அளவை நடக்கும்போது, நத்தத்தில் தலைமுறையாக இருந்த வீடு ஆவணம் இல்லையென்று ‘சர்க்கார் புறம்போக்கு’ எனப் பதிவாகிவிடும். ஒருமுறை அப்படிப் பதிவானால், நீர்நிலை ஆக்கிரமிப்பு அகற்றல் என்ற பெயரில் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் வீட்டு வாசலுக்கு வரும். குளத்தங்கரைக்குத் தள்ளியது சமூகம்; ஆக்கிரமிப்பாளர் என்று பெயரிடுவது சட்டம். நில மதிப்பு உயரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு உடன்குடியிலிருந்து தூத்துக்குடி வரை பரவியிருக்கும் இன்று, இந்தப் பதிவேடுகளைச் சரிபார்க்கும் வேலையைத் தள்ளிப்போட முடியாது.

2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இழிவாகப் புழங்கப்பட்ட சொல் போவதை வரவேற்கிறோம். சொல் போன பிறகும் அந்தத் தெருவுக்குப் போகும் பாதை மண்சாலையாகவே இருந்தால், அந்தப் பாதையே பழைய பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

சமத்துவபுரமும் லூயிவில்லும்

அரசு சாதியின் வரைபடத்தை மாற்றி வரையவே முயலவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. பெரியார் நினைவு சமத்துவபுரம் அப்படியொரு முயற்சி. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவது திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் 40 தலித் மக்களுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 ஏனையோருக்கு. பொதுவான ஒரே சுடுகாடு. கருத்தளவில் இந்தியாவிலேயே துணிச்சலான குடியிருப்புத் திட்டங்களில் ஒன்று என்றே நாம் கருதுகிறோம். ஆனால் அது ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டப்பட்டது. பழைய கடைவீதியும் பழைய சேரியும் இருந்த இடத்திலேயே இருந்தன. இருக்கும் நகரத்தைத் திருத்தி வரையும் கடினமான வேலை செய்யப்படாமலே நின்றுவிட்டது.

அந்த வேலை ஏன் கடினம் என்பதற்கு வெளிநாட்டுச் சான்று ஒன்று உதவும். அமெரிக்காவின் லூயிவில் நகரம் கறுப்பர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று விதி போட்டிருந்தது. 1917இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதன் பின் நகரங்கள் இனத்தின் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டு, ‘இந்தப் பகுதியில் மனை இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்’, ‘இங்கே தொகுப்பு வீடுகள் கூடாது’ என்று எழுதின. விளைவு பெரும்பாலும் பழையதே. நம் நகரமைப்பு விதிகளிலும் சாதி என்ற சொல் எங்கும் இல்லை. சொல் இல்லாததாலேயே அவை நடுநிலையானவை என்று நம்பும் மாணவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும்.

சட்டத்தில் நமக்குள்ள பிடிமானங்கள்

1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் அரசமைப்புத் தகுதி தந்தது. பன்னிரண்டாம் அட்டவணையின் முதல் பதிவே நகரத் திட்டமிடல்தான். நலிந்த பிரிவினரின் நலன் காத்தல் அதில் உண்டு, இடுகாடு சுடுகாடும் உண்டு. ஆனால் உறுப்பு 243W இந்த அதிகாரங்களை மாநிலம் ‘வழங்கலாம்’ என்கிறது. வழங்குவதா என்பது மாநிலத்தின் விருப்பம். நடைமுறையில் வரைபடம் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் மேசையில் உருவாகிறது. தனித்தொகுதியில் வென்று வந்த தலித் வார்டு உறுப்பினர் அதைப் பார்ப்பது அச்சான பிறகுதான், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்.

அதற்கான சட்டம் 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். முழுமைத் திட்டம் வரைவானதும் அரசிதழிலும் நாளிதழிலும் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் பெற வேண்டும் என்கிறது 26ஆம் பிரிவு. இதற்கான காலம் குறைந்தது இரண்டு மாதம். எவரும் எழுதலாம், நிலம் வைத்திருக்க வேண்டியதில்லை. நம் இயக்கங்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் சட்ட உரிமைகளில் இதுவும் ஒன்று என்பது நம் அனுபவம். திட்டம் ஒப்புதல் பெற்ற பின் போராட்டம் நடத்துகிறோம். வரைவாக இருந்தபோது அறிவிப்பு எந்த நாளிதழின் எந்த மூலையில் வந்தது என்று பார்ப்பதில்லை. நில விற்பனையாளர்கள் தவறாமல் பார்க்கிறார்கள்.

38ஆம் பிரிவையும் அறிந்திருக்க வேண்டும். விரிவான வளர்ச்சித் திட்டத்தில் பூங்காவுக்கோ சாலைக்கோ பள்ளிக்கோ ஒதுக்கப்பட்ட தனியார் நிலம் மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்தப்படாவிட்டால், அது விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும். தலித் குடியிருப்புக்கான இணைப்புச் சாலை திட்டத்தாளில் அழகாக வரையப்பட்டிருக்கும். மூன்று ஆண்டு எவரும் அசையாமல் இருந்தால் அது சட்டப்படி மறைந்துவிடும். ஆகவே வரைபடத்தில் கோடு போடச் செய்வதோடு வேலை முடியாது. நிலமெடுப்புக்கான நிதியும் அதே ஆண்டில் குறிக்கப்பட வேண்டும். அந்த நிதிக்குத்தான் 2024இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல் திட்டச் சட்டம் இருக்கிறது. துணைத்திட்ட நிதி பொதுச் செலவுகளில் கரைந்துபோன நீண்ட கதைக்குப் பின் வந்த சட்டம் அது. பேரூராட்சியின் வடிகால் திட்டத்தில் அந்த நிதி கலக்கப்பட்டால், அந்த வடிகால் எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் முடிகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு வந்துவிடுகிறது.

1978ஆம் ஆண்டுச் சட்டத்தையும் புதிதாக வாசிக்கலாம். வீட்டுமனை, சுடுகாடு, அவற்றுக்கான பாதை ஆகியவற்றோடு பிற வசதிகளுக்காகவும் நிலம் எடுக்க அது இடம் தருகிறது. கடைவீதியை ஒட்டிய மனையையோ, சந்தைக் கொட்டகைக்கான இடத்தையோ அந்த ‘வசதி’க்குள் கொண்டுவர முடியும் என்று நாம் வாதிடுகிறோம். மலிவான நிலம் தேட வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. அது நிர்வாகத்தின் பழக்கம்.

பிழைப்பைப் பற்றியும் ஒரு சட்டம் உண்டு. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் பேரூராட்சிகளுக்கும் பொருந்தும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வியாபாரத் திட்டம் வகுக்க வேண்டும். நகர விற்பனைக் குழுவில் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும். அவர்களில் பட்டியல் சாதியினருக்கு உரிய இடம் வேண்டும். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இலேயே கிடைத்தது. குறியீட்டின் பயன் கொடிக்கால் உரிமையாளரோடும் கடை முதலாளியோடும் நிற்குமா, கொடிக்காலில் கூலி வேலை செய்யும் பெண் சந்தையில் ஓர் இடம் பெறுவாரா என்பது இத்தகைய குழுக்களில்தான் முடிவாகும்.

உப்பளத் தொழிலாளரை இங்கே மறக்க முடியாது. குஜராத்துக்கு அடுத்து நாட்டிலேயே அதிக உப்பு விளையும் கரை இது; விடியுமுன் பாத்தியில் இறங்கும் தொழிலாளரில் தலித் மக்கள், அதிலும் பெண்கள், பெரும் எண்ணிக்கையினர். மழைக்கால மூன்று மாதம் வேலை இருக்காது. அதற்கென அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் போராடிப் பெற்றது. ஆறுமுகநேரி போன்ற ஊரின் திட்டத்தில் உப்பளம் வெறும் வெள்ளைப் பரப்பாக வரையப்படும். பாத்திக்குப் போகும் வழியில் குடிநீர், கழிப்பறை, நிழற்கூரை, விடியற்காலைப் பேருந்து ஆகியவை நகரத் திட்டத்தின் பகுதிகள் என்று எழுத வைப்பது நம் வேலை.

பாதை மறுப்பு தனியே கவனிக்க வேண்டியது. பொதுவழி, இடுகாடு, நீர்நிலை ஆகியவற்றைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றம். சுடுகாட்டுப் பாதை திட்டத்தில் பொதுச்சாலையாகக் குறிக்கப்பட்டிருந்தால், வயல்காரர் வேலி போடும் நாளில் நம் புகார் மனுவோடு அரசின் வரைபடமும் சேர்ந்து நிற்கும். இல்லாவிட்டால் ‘வழக்கமான பாதை’ என்பதை நிரூபிக்க முதியவர்களைக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும்.

ஆகவே சட்டக் கல்லூரி மாணவர்களுக்கும் ஊர்க்குழுக்களுக்கும் நாம் முன்வைக்கும் வேலை எளியது; அலுப்பூட்டுவதும்கூட. உங்கள் பேரூராட்சி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டின் நகலையும் புலப்படத்தையும் பெறுங்கள். தலித் தெருக்களின் புல எண்களை ஒவ்வொன்றாகக் குறியுங்கள். நத்தம், ஒப்படைப்பு, புறம்போக்கு என்று பிரித்து எழுதுங்கள். 2023 டிசம்பரில் எந்த வீட்டில் எத்தனை அடி நீர் நின்றது என்பதைச் சுவரில் படிந்த கறையிலிருந்தும் மக்களின் நினைவிலிருந்தும் அளந்து அதே படத்தில் ஏற்றுங்கள். பேருந்து நிலையம், பள்ளி, சந்தை, சுடுகாடு ஆகியவற்றுக்கான நடைதூரத்தையும் சேருங்கள். மாவட்டத் திட்டக் குழுவில் இருக்கும் உள்ளாட்சி உறுப்பினர் யாரென்று கேட்டு, ஒரு படி அவரிடமும் கொடுங்கள். நகரத்தின் திட்டமும் சுற்றுக் கிராமங்களின் திட்டமும் ஒன்றுசேர வேண்டிய ஒரே இடம் அரசமைப்புப்படி அந்தக் குழுதான். வரைவுத் திட்டம் அரசிதழில் வந்த நாளைக் குறித்துக்கொண்டு, இரண்டு மாதத்துக்குள் இந்தப் படத்தை முதல் இணைப்பாக வைத்து ஆட்சேபணை மனுவைக் கொடுங்கள். மனுவின் இறுதியில் ‘எங்களை நேரில் கேட்க வேண்டும்’ என்ற வரியை எழுத மறக்க வேண்டாம். எழுதிக் கேட்டவர்களுக்கே சட்டம் அந்த வாய்ப்பைத் தருகிறது.